கமிஷனா, கைதா? பிரிட்டன் குரூமிங் கும்பல் விவகாரத்தில் எந்தக் கருவி எதற்கு உதவும்

சிறுமிகளை ஆசைகாட்டி வலையில் சிக்கவைத்துப் பாலியல் சுரண்டல் செய்யும் குரூமிங் கும்பல்கள் பற்றிப் புதிதாகத் தேசிய விசாரணை தேவையில்லை என்று 2025 ஜனவரியில் சொன்னது பிரிட்டன் அரசு. ஜூன் 14 அன்று, நடத்துகிறோம் என்றார் பிரதமர் கியர் ஸ்டார்மர். இடைப்பட்ட ஐந்து மாதமும் நாடாளுமன்றத்திலும் தொலைக்காட்சியிலும் ஒரே சண்டைதான்: விசாரணை உண்டா, இல்லையா? கேள்வியே கோணல். அரசின் கையில் அப்போது குறைந்தது ஐந்து கருவிகள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு வேலையைச் செய்யும், இன்னொன்றைச் செய்யாது. சுத்தியலும் ரம்பமும் வைத்திருப்பவரிடம் "எது நல்லது?" என்று கேட்பதில் பொருளில்லை, ஆணி அடிக்க வேண்டுமா, பலகை அறுக்க வேண்டுமா என்பதைத்தான் முதலில் தீர்மானிக்க வேண்டும்.

குற்றம் நடக்கும் விதத்தைச் சொல்லாமல் கருவிகளை ஒப்பிட முடியாது. 11 முதல் 16 வயதுக்குட்பட்ட சிறுமிகள். பலர் அரசுக் காப்பகத்தில் அல்லது சிதைந்த வீட்டில் வளர்பவர்கள். முதலில் ஒருவன் காதலன் வேடத்தில் வருவான். சிகரெட், மது, செல்போன், காரில் சவாரி. பிறகு அவன் நண்பர்கள், பிறகு வேறு ஊர் ஆட்கள். அதற்குள் போதைப்பழக்கம், கடன், மிரட்டல் எல்லாம் சேர்ந்து சிறுமி வெளியே வர முடியாத நிலை. போலீஸ் இதை "அவளாகத் தேர்ந்துகொண்ட வாழ்க்கை" என்று எழுதி மூடியது. சிலர் மீது விபசார வழக்கே போட்டது. வட இங்கிலாந்தின் ராதரம் நகரில் 1997 முதல் 2013 வரை குறைந்தது 1,400 பிள்ளைகள், டெல்ஃபோர்டில் பல பத்தாண்டுகளில் 1,000-க்கும் மேல் என்பவை விசாரணை அறிக்கைகள் சொன்ன கணக்கு. ஆக ஒரே விவகாரத்தில் இரண்டு தோல்விகள்: குற்றவாளிகள் பிடிபடவில்லை, பிடித்திருக்க வேண்டியவர்கள் ஏன் பிடிக்கவில்லை என்பதற்கும் பதிலில்லை. முதலாவது போலீஸ் வேலை. இரண்டாவது விசாரணை ஆணையத்தின் வேலை. இவை இரண்டையும் போட்டுக் குழப்பியதில்தான் பத்தாண்டு போனது.

தேசிய சட்டப்பூர்வ விசாரணை

2005-ஆம் ஆண்டு விசாரணைகள் சட்டத்தின் கீழ் அமைச்சர் மட்டுமே இதை அமைக்க முடியும். நகராட்சியோ மேயரோ அமைக்க முடியாது. இதன் பலம் மொத்தமும் ஒரே இடத்தில் இருக்கிறது: ஆவணத்தையும் சாட்சியையும் கட்டாயப்படுத்தி வரவழைக்கலாம். மறுத்தாலோ ஆவணத்தை அழித்தாலோ அது குற்றம். எல்லை அதே சட்டத்தின் 2-ஆம் பிரிவில் உள்ளது: எவருக்கும் குற்றப் பொறுப்போ சிவில் பொறுப்போ இந்த விசாரணை நிர்ணயிக்க முடியாது. "கமிஷன் வந்தால் எல்லோரும் உள்ளே போவார்கள்" என்று மேடையில் பேசியவர்கள் இந்தப் பிரிவைப் படித்ததாகத் தெரியவில்லை.

நேரமும் செலவும்தான் பெரிய குறை. சிறார் பாலியல் வன்கொடுமை பற்றிய முந்தைய தேசிய விசாரணை 2014-ல் அறிவிக்கப்பட்டது. முதல் தலைவரும் இரண்டாம் தலைவரும் வேலை தொடங்குமுன்பே விலகினர். நியூசிலாந்திலிருந்து வந்த மூன்றாமவர் 2016-ல் விலகினார். நான்காவதாக வந்த அலெக்சிஸ் ஜே 2022 அக்டோபரில் இறுதி அறிக்கை கொடுத்தார். செலவு ஏறத்தாழ 19 கோடி பவுண்டு. தேவாலயங்கள், உறைவிடப் பள்ளிகள், நாடாளுமன்றம், இணையம் என்று அதற்கு 15 தனித்தனி விசாரணைகள் இருந்தன. குரூமிங் கும்பல் அவற்றில் ஒன்றுதான். அதற்கு எடுத்துக்கொண்ட ஆறு பகுதிகள் டரம், ஸ்வான்சீ, வாரிக்‌ஷயர், செயின்ட் ஹெலன்ஸ், டவர் ஹாம்லெட்ஸ், பிரிஸ்டல். ராதரம், ராச்டேல், ஓல்டாம் இல்லை. ஏற்கெனவே தனி விசாரணை நடந்த ஊர்களைத் தவிர்த்தது தர்க்கப்படி சரிதான். ஆனால் அந்த ஊர்ப் பெண்களிடம் போய் "உங்களுக்குத்தான் தேசிய விசாரணை நடந்துவிட்டதே" என்று சொன்னது எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றியதுபோல் ஆனது.

இன்னொரு நடைமுறைத் தாமதம் வெளியே அதிகம் தெரியாது. அறிக்கையில் ஒருவர் விமர்சிக்கப்படப் போகிறார் என்றால், வெளியிடும் முன் அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பி, பதில் சொல்ல நியாயமான அவகாசம் தர வேண்டும். நூறு அதிகாரிகள், ஒவ்வொருவருக்கும் வழக்கறிஞர் என்றால் மாதங்கள் ஓடும். அதே நேரத்தில் அதே ஊரில் குற்ற வழக்கு நடந்தால் அந்தப் பகுதியையே நிறுத்திவைக்க வேண்டிவரும். இல்லையேல் ஜூரியின் மனதைக் கலைத்ததாக வழக்கே கவிழலாம். இது வெறும் பயமில்லை. 2018-ல் லீட்ஸ் நீதிமன்ற வாசலிலிருந்து இப்படியொரு வழக்கை நேரலை செய்த ஆர்வலர் நீதிமன்ற அவமதிப்புக்காகச் சிறை போனார். அந்த வழக்கை அவர் ஆபத்தில் தள்ளினார் என்பதே பிரச்சினை.

உள்ளூர் விசாரணை

2024-ல் ஓல்டாம் நகராட்சி தேசிய விசாரணை கேட்டபோது உள்துறை சொன்ன பதில்: டெல்ஃபோர்டைப் போல நீங்களே நடத்துங்கள். 2025 ஜனவரியில் அப்போதைய உள்துறை அமைச்சர் இவெட் கூப்பர் ஐந்து உள்ளூர் விசாரணைகள் வரை நடத்த 50 லட்சம் பவுண்டு ஒதுக்கினார்.

டெல்ஃபோர்டு நல்ல எடுத்துக்காட்டு என்பதில் சந்தேகமில்லை. நகராட்சி அமைத்தது, டாம் க்ரௌதர் என்ற வெளியூர் வழக்கறிஞரிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கியது. 2022 ஜூலையில் 47 பரிந்துரைகளுடன் அறிக்கை வந்தது. ஊரின் தெருக்கள், கடைகள், பள்ளிகள், டாக்ஸி நிறுத்தங்கள் வரை தெரிந்த ஒரு விசாரணை தரக்கூடிய நுணுக்கம் தேசிய அறிக்கையில் வராது. ராதரமில் ஜே நடத்தியதும் உள்ளூர் விசாரணைதான்: 66 கோப்புகளை வரிவரியாகப் படித்து, ஓராண்டுக்குள், 2014 ஆகஸ்டில் முடித்தார். 2002, 2003, 2006 ஆண்டுகளிலேயே மூன்று அறிக்கைகள் போலீசுக்கும் நகராட்சிக்கும் நிலைமையைச் சொல்லியிருந்தன, முதல் அறிக்கை அமுக்கப்பட்டது என்ற உண்மை அதில்தான் வெளிவந்தது.

ஆனால் இந்தக் கருவி ஒத்துழைக்கிறவர்களிடம் மட்டுமே வேலை செய்யும். மான்செஸ்டரைப் பாருங்கள். 2004-ல் தொடங்கிய ஆபரேஷன் அகஸ்டா என்ற போலீஸ் நடவடிக்கை குறைந்தது 57 பாதிக்கப்பட்ட சிறுமிகளையும் சந்தேகத்துக்குரிய 97 பேரையும் அடையாளம் கண்டது. மறு ஆண்டே ஆள்பலம் இல்லை என்று மூடப்பட்டது. மேயர் ஆண்டி பர்ன்ஹம் அமைத்த மறுஆய்வு அந்த முடிவு எடுக்கப்பட்ட கூட்டக் குறிப்புகளைத் தேடியபோது அவை கிடைக்கவில்லை. கட்டாயப்படுத்தும் அதிகாரம் இருந்தாலும் காணாமல் போன காகிதம் வந்துவிடாது என்று வாதாடலாம். உண்மை. ஆனால் கூட்டத்தில் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவரையும் சத்தியப் பிரமாணம் செய்யவைத்து "யார் சொன்னது?" என்று கேட்கலாம். வேறுபாடு அங்கேதான்.

உள்ளூர் விசாரணை விரைவாக முடியும் என்பதும் பாதி உண்மைதான். பர்ன்ஹம் 2017-ல் அறிவித்த மறுஆய்வு நான்கு பகுதிகளாக 2020, 2022, 2024, 2025 என்று நீண்டது. 19 கோடி பவுண்டு தேசிய விசாரணையைவிட இது குறைவான காலமல்ல. ஜேவின் வேகத்துக்குக் காரணம் உள்ளூர் என்பதல்ல. ஒரே ஊர், ஒரே நகராட்சி, தெளிவான ஆண்டு வரம்பு. எல்லை குறுகினால் எந்தக் கருவியும் வேகமாக ஓடும்.

குறுகிய தணிக்கை

பவுண்டுக்குப் பவுண்டு அதிகப் பயன் தந்தது இதுதான் என்பது என் கணிப்பு. இந்த விவகாரத்தின் தரவுகளைத் தணிக்கை செய்ய லூயிஸ் கேசி என்ற மேலவை உறுப்பினர் 2025 ஜனவரியில் நியமிக்கப்பட்டார். ஜூன் 16 அன்று அறிக்கை வெளியானது. மூன்று மாதம் என்று சொல்லி ஐந்து மாதம் எடுத்துக்கொண்டார், அவ்வளவே. 12 பரிந்துரைகள், அரசு எல்லாவற்றையும் ஏற்றது. தேசிய விசாரணை வேண்டாம் என்ற மனநிலையோடு தொடங்கியவர், தரவுகளைப் பார்த்தபின் வேண்டும் என்று மாறினார். அதனால்தான் அரசும் மாறியது.

தணிக்கையால் யாரையும் கட்டாயப்படுத்த முடியாது, பெயர் சொல்லிக் குற்றம் சாட்டவும் முடியாது. ஆனால் இருக்கிற எண்களைக் கொட்டிக் கவிழ்த்துப் பார்க்க முடியும். குழுவாகச் செய்யும் சிறார் பாலியல் சுரண்டலுக்கென்று இருக்கும் ஒரே போலீஸ் தரவுத்தொகுப்பில் 2023-க்கு சுமார் 700 குற்றங்கள்தான் பதிவாகியிருந்தன. உண்மை அளவு இது இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். குற்றவாளிகளில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு இனப் பின்னணி பதிவே இல்லை. ஆகவே நாடு முழுதுக்கும் எந்த முடிவும் சொல்ல முடியாது என்றார் கேசி. கிரேட்டர் மான்செஸ்டர், தெற்கு யார்க்‌ஷயர், மேற்கு யார்க்‌ஷயர் ஆகிய மூன்று போலீஸ் பகுதிகளின் தரவில் ஆசியப் பின்னணி ஆண்கள் மக்கள்தொகை விகிதத்தைவிட அதிகம் என்றும், இனவாதி என்று பெயர் வாங்கிவிடுவோமோ என்ற பயத்தில் அமைப்புகள் இதைப் பேசாமல் தவிர்த்தன என்றும் சேர்த்தே சொன்னார். இரண்டில் ஒன்றை மட்டும் மேற்கோள் காட்டுகிறவர்கள் இரு பக்கத்திலும் இருக்கிறார்கள்.

இதில் தமிழர்கள் கவனிக்க வேண்டிய ஒன்றும் உண்டு. பிரிட்டிஷ் போலீஸ்காரர் கண்ணால் பார்த்துக் குறிக்கும் குறியீட்டில் "ஆசியன்" என்பது ஒரே பெட்டி. பாகிஸ்தானியர், வங்காளியர், குஜராத்தியர், யாழ்ப்பாணத்துக்காரர் எல்லோரும் அதற்குள்தான். கைதானவரே தன்னைப் பற்றிச் சொல்லிப் பதிவாகும் விரிவான குறியீடு தனியாக உண்டு. அதை நிரப்பாமல் விடுவது அடிக்கடி நடக்கிறது. விளைவு, ஒரு தரப்பார் எல்லா ஆசியரையும் சந்தேகிக்க முடிகிறது, இன்னொரு தரப்பார் எதையும் மறுக்க முடிகிறது. நிரப்பாத ஒரு கட்டம் இருவருக்கும் வசதி. இனத்தையும் தேசியத்தையும் கட்டாயமாகப் பதிய வேண்டும் என்ற கேசியின் பரிந்துரைக்கு விசாரணை எதுவும் தேவையில்லை. படிவத்தில் அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கம் போக முடியாதபடி மென்பொருளை மாற்றினால் போதும்.

நிர்வாகத்தைக் கையகப்படுத்துதல்

பலரும் மறந்துவிட்ட கருவி. ஜே அறிக்கைக்குப் பின் இதே கேசி ராதரம் நகராட்சியை ஆய்வு செய்து, தன் கடமைக்கே லாயக்கற்றது என்று 2015 பிப்ரவரியில் எழுதினார். நகராட்சி அமைச்சரவை மொத்தமும் ராஜினாமா செய்தது. மத்திய அரசு ஐந்து ஆணையர்களை அனுப்பியது; அதிகாரம் 2018 வரை படிப்படியாகத்தான் திரும்பியது. டாக்ஸி உரிமம் வழங்குவது ஆணையர்கள் கைக்குப் போனது, கார்களில் கேமரா கட்டாயமானது. ஒரு சிறுமியை ஊர்விட்டு ஊர் கடத்த இந்தக் கும்பல்களுக்குத் தேவைப்பட்டது கார்தான். ஆகவே உரிமத்தில் கை வைத்தது குற்றம் நடக்கும் வழியிலேயே கை வைத்தது.

ஆனால் ஓட்டையும் அங்கேயே திறந்தது. இங்கிலாந்தில் ஒரு நகராட்சியில் வாடகைக்கார் உரிமம் வாங்கி இன்னொரு ஊரில் ஓட்டலாம். கடுமையான ஊரில் மறுக்கப்பட்டவர் இளகிய ஊரில் விண்ணப்பிக்கலாம். 2022 சட்டம் மறுப்பு, ரத்து விவரங்களைப் நகராட்சிகள் பகிர்ந்துகொள்ளும் பதிவேட்டில் ஏற்றக் கட்டாயப்படுத்தியது. வெளியூர் உரிமத்தை அது நிறுத்தவில்லை. கேசியின் பரிந்துரைகளில் இந்த ஓட்டையை அடைப்பதும் ஒன்று.

என்.சி.ஏ. நடத்தும் குற்றப் புலனாய்வு

கை விலங்கு மாட்டக்கூடிய ஒரே கருவி. தேசியக் குற்றப் புலனாய்வு முகமையான என்.சி.ஏ. 2014 டிசம்பரில் ராதரமில் ஆபரேஷன் ஸ்டோவ்வுட்டைத் தொடங்கியது. 1,100-க்கும் மேற்பட்ட பாதிக்கப்பட்டவர்களை அடையாளம் கண்டது. 2024 செப்டம்பரில் மட்டும் ஏழு பேருக்குச் சேர்த்து 106 ஆண்டு சிறை. ஆனால் பத்தாண்டு உழைப்பில் தண்டனை பெற்றவர்கள் பத்துக் கணக்கில்தான், நூற்றுக் கணக்கில் இல்லை.

ஏன் இவ்வளவு மெதுவாக? பாதிக்கப்பட்டவர் இன்று முப்பது வயதைத் தாண்டியவர். போலீஸ் என்றாலே நம்பிக்கை இல்லாதவர். முதல் வாக்குமூலத்துக்கு முன்னால் பல மாதச் சந்திப்பு தேவை. பிறகு அவருடைய சமூக சேவைக் கோப்பு, பள்ளிக் கோப்பு, மருத்துவக் கோப்பு எல்லாவற்றையும் தேடி எடுத்து, எதிர்த்தரப்புக்கு உதவக்கூடியவற்றை அவர்களிடம் கொடுக்க வேண்டும். அதில் "பொய் சொல்லும் பழக்கம் உள்ளவள்" என்று 1999-ல் ஏதோ ஒரு ஊழியர் கிறுக்கிய ஒரு வரி போதும், குறுக்கு விசாரணை அதைச் சுற்றியே போகும். இழப்பீட்டுக்கு விண்ணப்பித்திருந்தால் "பணத்துக்காகச் சொல்கிறாள்" என்பார்கள். அதனால் வழக்கு முடியும்வரை விண்ணப்பிக்காதே என்று சிலருக்கு அறிவுரை போனது. இழப்பீட்டுத் திட்டத்துக்கோ காலக்கெடு இரண்டு ஆண்டு. இரண்டு பக்கமும் இடி.

இதற்கு எதிர் எடுத்துக்காட்டும் உண்டு. ராச்டேலில் வழக்குத் தொடர வேண்டாம் என்ற 2009 முடிவை, 2011-ல் வடமேற்கு இங்கிலாந்தின் தலைமை அரசு வழக்கறிஞராக வந்த நசீர் அஃப்சல் மாற்றினார். 2012 மே மாதம் ஒன்பது பேர் தண்டிக்கப்பட்டனர். புதுச் சட்டமும் இல்லை, ஆணையமும் இல்லை. அதே கோப்பை வேறு கண்ணால் படித்தார்கள், அவ்வளவுதான். மேல்நடவடிக்கை இல்லை என்று மூடப்பட்ட 1,200-க்கும் மேற்பட்ட கோப்புகளை என்.சி.ஏ. இப்போது ஆபரேஷன் பீக்கன்போர்ட் என்ற பெயரில் மறுபடி திறந்து பார்ப்பதன் அடிப்படையும் இதுதான்.

போலீசே தவறு செய்திருந்தால்? அங்கே இந்தக் கருவி மழுங்கிவிடும். தெற்கு யார்க்‌ஷயர் போலீசை (ராதரம் இதன் எல்லையில்தான்) விசாரித்த கண்காணிப்பு அமைப்பு 47 அதிகாரிகளை விசாரித்தது. எட்டுப் பேர் மீது ஒழுங்கீனம், ஆறு பேர் மீது கடும் ஒழுங்கீனம் என்று பதில் சொல்ல வேண்டிய வழக்கு இருந்தது. யாருக்கும் வேலை போகவில்லை. எட்டு ஆண்டு விசாரணை அது. பாதிக்கப்பட்ட பெண்கள் தேசிய விசாரணையை ஏன் விடாப்பிடியாகக் கேட்டார்கள் என்பதற்கு இந்த ஒரு கணக்கு போதும்.

சட்டத் திருத்தத்தில் ஒரு தேர்வு

தகவல் தெரிந்தும் சொல்லாதவர்களை என்ன செய்வது என்பதிலும் இரண்டு வழிகள் இருந்தன. ஜே தலைமையில் முடிந்த முந்தைய தேசிய விசாரணை, பிள்ளையே சொல்லியும் அல்லது கண்ணால் கண்டும் புகார் செய்யாததைக் குற்றமாக்கச் சொன்னது. 2025 பிப்ரவரியில் வந்த குற்றம் மற்றும் காவல் மசோதா அவ்வளவு தூரம் போகவில்லை: புகார் செய்வது கடமை, செய்யாவிட்டால் குழந்தைகளோடு பணிபுரியத் தடை வரை போகலாம், ஆனால் இன்னொருவர் புகார் செய்வதைத் தடுப்பவருக்கு 7 ஆண்டு வரை சிறை.

இந்தியாவின் 2012 போக்சோ சட்டம் இதற்கு மறு கோடி. 19-ஆம் பிரிவின்படி எல்லோருக்கும் கடமை; தவறினால் 6 மாதம் வரை, நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை. அதன் பக்க விளைவையும் பார்த்தோம்: கருவுற்ற பதின்வயதுப் பெண்கள் போலீசுக்குப் பயந்து மருத்துவமனையையே தவிர்த்தார்கள். கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் அவள் அடையாளத்தை மருத்துவர் போலீசுக்குச் சொல்ல வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் வழிகாட்ட வேண்டியதாயிற்று. ஆகவே எல்லோர் தலையிலும் கத்தி தொங்கவிடுவதைவிட, மூடிமறைப்பவர் மீது மட்டும் கடுமையாகப் பாயும் பிரிட்டன் மசோதா எனக்கு அறிவுள்ளதாகப் படுகிறது. ஜே சொன்ன குறுகிய குற்றமும் அதோடு சேர்ந்திருக்கலாம். லண்டனில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி நடத்துகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க: கடமை சம்பளம் வாங்குபவருக்கு மட்டுமல்ல, பிள்ளைகளை வழக்கமாகப் பொறுப்பேற்கும் தொண்டர்களையும் தொடும்.

வயது விஷயத்தில் கேசி சொன்னது நேரடியானது. 13-க்குக் கீழ் சம்மதம் என்ற பேச்சே கிடையாது. 13 முதல் 15 வரை, சிறுமி "காதலில் இருந்தாள்" என்ற சாக்கில் வன்புணர்ச்சி வழக்குகள் சிறிய குற்றங்களாகச் சுருக்கப்பட்டன. 16 வயதுக்குக் கீழான பிள்ளையோடு உடலுறவு கொண்ட வயதுவந்தவர் மீது வன்புணர்ச்சிக் குற்றச்சாட்டு கட்டாயம் என்றார். விபசாரம் என்று சிறுமிகள் மீது பதிந்த பழைய தண்டனைகளை நீக்குவதும் இதோடு சேர்ந்தது. அந்தத் தண்டனையே வேலைக்கும் இழப்பீட்டுக்கும் நெடுங்காலம் குறுக்கே நின்றது.

எதை முதலில் எடுப்பது

வரிசை முக்கியம். தரவுப் படிவம், டாக்ஸி உரிமம், வயதுச் சட்டம் இவை மூன்றும் யாருடைய அறிக்கைக்கும் காத்திருக்கக் கூடாது. அடுத்து மூடிய கோப்புகள்: சந்தேக நபர்களுக்கு வயதாகிறது, சாட்சிகள் சோர்கிறார்கள், ஆகவே புலனாய்வே முந்த வேண்டும். சட்டப்பூர்வ விசாரணை மூன்றாவதுதான். ஆனால் ஆவணங்களை அழிக்கக் கூடாது என்ற உத்தரவு மட்டும் முதல் நாளே போக வேண்டும். உள்ளூர் விசாரணையைத் தனியாக நடத்துவதைவிடத் தேசிய விசாரணையின் அதிகாரத்தோடு ஊர் ஊராக நடத்துவதே மேல். ஓல்டாம் மாதிரி ஊருக்கு டெல்ஃபோர்டின் நுணுக்கமும் வேண்டும், அழைப்பாணையும் வேண்டும்.

அரசு கடைசியில் வந்து சேர்ந்ததும் ஏறக்குறைய இதற்குத்தான், ஆனால் தள்ளாடித்தான் வந்தது. 2025 அக்டோபரில் தலைவர் பதவிக்குப் பேசப்பட்ட இருவரும் விலகினர். ஒருவர் சமூகப் பணித் துறையிலிருந்து வந்தவர், மற்றவர் முன்னாள் போலீஸ். தங்களைக் கைவிட்ட அதே இரு துறைகளிலிருந்து ஆள் எடுக்கிறார்களே என்று பாதிக்கப்பட்ட பெண்கள் ஆலோசனைக் குழுவிலிருந்து வெளியேறினர். முதல் விசாரணை மூன்று தலைவர்களை இழந்ததிலிருந்து யாரும் பாடம் படிக்கவில்லை. டிசம்பரில் முன்னாள் சிறார் ஆணையர் ஆன் லாங்ஃபீல்ட் நியமிக்கப்பட்டார்: மூன்று ஆண்டு, 6.5 கோடி பவுண்டு, ஓல்டாம் நிச்சயம். மூன்று ஆண்டு என்பது ஊர்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஐந்தாறு ஊர்களோடு நின்றால் முடியும், ஒவ்வொரு எம்.பி.யும் தன் தொகுதியைச் சேர்க்கச் சொல்லி, அரசும் தலையாட்டினால், எச்சரிக்கைக் கடிதங்களுக்குப் பதில் வந்து சேரவே மூன்றாம் ஆண்டு முடிந்துவிடும்.